தில்லியில் காலூன்ற யார் கைகொடுப்பது?

கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் வந்து முடிகிறது. அங்கிருந்து பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலை ஒட்டி நடந்தால் ஜங்புரா. அதோடு சேர்ந்தாற்போல் போகல், இன்னும் கொஞ்சம் தள்ளி லாஜ்பத் நகர். பிழைக்க வந்தவர்களும் உயிர் தப்பி வந்தவர்களும் தில்லியில் எப்படிக் காலூன்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டாரமே போதும்.

லாஜ்பத் நகரும் ஜங்புரா எக்ஸ்டென்ஷனும் 1947 பிரிவினையில் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்தவர்களுக்காக உருவான குடியிருப்புகள். ஜங்புராவுக்கே அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. புது தில்லியைக் கட்டுவதற்காக ரைசினா பக்கத்துக் கிராமத்து மக்களை எழுப்பி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், யங் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வந்த யங்புராதான் ஜங்புரா ஆனது என்பார்கள். போகலிலும் லாஜ்பத் நகரிலும் இப்போது ஆப்கானியர்கள் இருக்கிறார்கள். காலையில் நீள நான் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போகிற தந்தூர் கடைகளையும், தாரி மொழியில் எழுதிய மருந்துக் கடைப் பலகைகளையும் பார்க்கலாம். நாலாவின் கரையில், 2025 ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வரும்வரை, மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துக் குடும்பங்கள், மொத்தம் 370 வீடுகள்.

பக்கத்து பக்கத்தில் இருந்த இந்தக் கூட்டங்களுக்குக் கிடைத்த உதவிக்குள் எவ்வளவு வித்தியாசம்!

1947இல் வந்தவர்களுக்கு அரசே நேரடியாகப் பொறுப்பேற்றது. 1941இல் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் அகதிகள் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம். முதலில் புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை, கிங்ஸ்வே முகாம்களில் கூடாரம். அப்புறம் தனி அமைச்சகம், மனை ஒதுக்கீடு, கடை வைக்கக் கடன், தொழிற்பயிற்சி. விட்டு வந்த சொத்துக்கு ஈடு கொடுக்க 1954இல் ஒரு சட்டமும் வந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. விட்டு வந்தது எவ்வளவு என்று காட்ட முடிந்தவருக்கே ஈடு கிடைத்தது என்பதால், நிலமில்லாத கூலிக்காரர் அகதியானபோதும் கூலிக்காரராகவே இருந்தார். ஆனாலும் ஒன்று முக்கியம். ‘நீ யார், ஏன் வந்தாய்’ என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வந்த அன்றிலிருந்தே அவர்களைக் குடிமக்களாகவே நடத்தினார்கள்.

தமிழர்கள் வந்தது வேறு வழியில். முதலில் வந்தவர்கள் குமாஸ்தாக்கள். வெள்ளைக்கார அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் மூட்டை கட்டிய காலத்தில், அலுவலகத்தோடு சேர்ந்து குடும்பங்களும் இடம் மாறின. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோனது. அந்தத் தேவைக்காக 1923இல் மதராசி கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று ஏழு பள்ளிகள் நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அதன் வழியில் வந்ததுதான். 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம். 1973இல் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் மலை மந்திர் முருகன். கரோல் பாகில் மெஸ்கள். ஊரிலிருந்து வருகிற பையன் கையில் ஒரு கடிதம் இருந்தால் போதும். யாராவது ஒரு மாமா ஸ்டேஷனுக்கு வருவார், மெஸ்ஸில் இடம் பிடித்துத் தருவார், அலுவலகத்தில் எந்தப் பிரிவு அதிகாரி நல்லவர் என்றும் சொல்வார். புலம்பெயர்ந்தோர் சேவை என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் இன்றைய தொண்டு நிறுவனங்கள் திட்ட அறிக்கைகளில் எழுதுகிற வேலைகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

1960களின் கடைசியிலும் 70களிலும் வந்த கூலிக் குடும்பங்களுக்கு அந்த மாமா இல்லை. வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரி, முன்னாலேயே வந்துவிட்ட ஒன்றுவிட்ட அண்ணன், வீட்டு வேலைக்குப் போன இடத்து அம்மா, பிறகு பகுதிக்கென்று ஒரு பிரதான் (தலைவர்), தேர்தல் நேரத்தில் வருகிற கட்சிக்காரர். இவ்வளவுதான் அவர்களுடைய ஆதரவு வலை. இதிலும் நிறைய நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரேஷன் கார்டு வந்தது, மின் இணைப்பு வந்தது, கோயில் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இலிருந்து 77க்குள், தில்லியின் குடிசைவாசிகள் சுமார் 7 லட்சம் பேரை நகரத்தின் ஓரங்களுக்குத் தூக்கிப் போட்டபோது திரிலோக்புரி போன்ற இடங்களுக்குப் போன தமிழர்கள் அங்கேயும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள்.

குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிகள் பின்னாளில் இந்தக் குடும்பங்களுக்கும் உதவின. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் மதராசி கேம்ப் பிள்ளைகள் கணிசமாகப் படித்தார்கள். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பெண் பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எழுதியது அதனால்தான். தில்லித் தமிழர்கள் பெருமைப்பட எத்தனையோ சொல்லிக்கொள்கிறோம். என் கணக்கில் இதுதான் முதலாவது. ஆனால் பள்ளி நுழைந்த அளவுக்கு மற்ற அமைப்புகள் நாலாக் கரைக்கு வரவில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடத் தெரிந்த நமக்கு, வாரம் ஒரு நாள் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும் என்று தோன்றியது குறைவு.

அந்த மேஜை ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கே. முருகன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். கே என்பது அவருடைய அப்பா கண்ணனின் முதலெழுத்து. தில்லியில் எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. ரேஷன் கார்டு எழுதியவர் அதை நிரப்ப வேண்டுமே என்று ‘முர்கன் குமார்’ ஆக்கினார். வாக்காளர் அட்டையில் ‘முருகன் கண்ணன்’. பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் கே’. ஆதாரில் வெறும் ‘முருகன்’. நாலும் ஒரே ஆள்தான் என்று முருகனுக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும். கவுன்டரில் இருக்கிறவருக்குத் தெரியாது. பிரமாணப் பத்திரம் கொண்டுவா என்பார். நோட்டரி, முத்திரைத் தாள், ஒரு நாள் கூலி போச்சு. அந்தப் பத்திரத்திலும் இந்தியில் எழுதும்போது இன்னொரு விதமாக எழுதிவிட்டால் கதை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மழைக்கு நாலா பொங்கினால் முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான்.

விகாஸ்புரிப் பக்கம் குடியிருக்கும் மியான்மர் சின் மக்களுக்கும் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. அவர்களும் இதே கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்கானியர்களில் பலருக்கு ஒற்றைப் பெயர். பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி 1 என்று பதிவானவர்கள் ஏராளம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஜனவரி 1இல் பிறந்திருந்தால் அதிகாரி நிமிர்ந்து பார்க்கத்தானே செய்வார்? இதற்கெல்லாம் பணம் பெரிதாகத் தேவையில்லை. இந்தி தெரிந்த, படிவம் தெரிந்த, அந்த மனிதரின் மொழியும் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் போதும்.

மதராசி கேம்ப்பில் அந்தப் பிளாஸ்டிக் பைக்குப் பரீட்சை வந்தது. பாராபுல்லா நாலாவைத் தூர்வார வேண்டும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்ற வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் அகற்ற உத்தரவிட்டது. 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி என்று கணக்கெடுப்பு சொன்னது. மீதி 181 பேருக்கு ஒன்றும் கிடையாது. தகுதி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே மாதிரி வாழ்ந்த, ஒரே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள்தான்.

எப்படிப் பிரித்தார்கள்? தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கைப்படி, குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட வீடு 2015 ஜனவரி 1க்கு முன் கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் பெயர் 2015க்கு முந்தைய சில ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் ஒன்றிலாவது இருக்க வேண்டும், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இதோடு பட்டியலிட்ட ஆவணங்களில் ஒன்று. தேர்ந்தவரும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் பங்குத் தொகை கட்ட வேண்டும், பராமரிப்புக்குத் தனி.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஆட்கள் பலர் ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பார்கள். தேர்தலுக்கு ஊருக்குப் போவது ஒரு திருவிழா. ரேஷன் கார்டை விட்டால் பொங்கல் பரிசு போய்விடும். ‘கடைசியில் ஊருக்குத்தானே போகப் போகிறோம்’ என்ற நினைப்பு முப்பது வருடம் ஓடும். அப்படி ஊரில் ஓட்டை வைத்திருந்தவருக்கு, எத்தனை வருடம் நாலாக் கரையில் இருந்திருந்தாலும், இந்த விதியின்படி தில்லி வீடு கிடையாது. குடியேறிய ஐந்தாவது வருடத்தில் யாராவது உட்கார்த்தி வைத்து, ‘இங்கே பெயரைப் பதிந்துவிடு, பின்னால் வீடு கேட்கும்போது இதைத்தான் கேட்பார்கள்’ என்று சொல்லியிருந்தால் 181 என்பது கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் சுதாமா சிங் வழக்கிலும், 2015 டிசம்பரில் ஷகூர் பஸ்தியை இடித்ததைத் தொடர்ந்த அஜய் மாக்கன் வழக்கில் 2019இலும் தில்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணக்கெடுக்காமல், குடியிருப்பவர்களோடு பேசாமல், திடுதிப்பென்று இடிக்கக் கூடாது. மதராசி கேம்ப்பில் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுப்பு நடந்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று இல்லை என்பதுதான் அங்கே தெரிந்தது. ஆவணம் கேட்கிற நாளில் ஆவணத்தைத் தேட முடியாது. அது பத்து வருடத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இனி அகதிகள் விஷயம். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலோ 1967 நெறிமுறையிலோ கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. நடைமுறையில் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. திபெத்தியர்களையும் இலங்கைத் தமிழர்களையும் இந்திய அரசே பார்த்துக்கொள்கிறது. ஆப்கானியர்கள், மியான்மர்காரர்கள், சோமாலியர்கள் போன்றவர்கள் 1981இலிருந்து தில்லியில் இயங்கும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போகிறார்கள். முதலில் பதிவு. புகலிடம் கோருபவர் என்று ஒரு சான்று. பிறகு நேர்காணல். எங்கே, யார், எதற்காகத் துரத்தினார்கள் என்று துருவிக் கேட்பார்கள். ஏற்றுக்கொண்டால் அகதி அட்டை. காத்திருப்பு மாதங்களில் முடியலாம், வருடங்களும் ஆகலாம்.

அட்டை கையில் வந்தபின் என்ன? போலீஸ் நிறுத்தினால் காட்டலாம். அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை என்றுதான் சொல்கிறது, குடிமகனின் குழந்தை என்று சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை எல்லாம் சரி. ஆனால் அந்த அட்டையை ஆதாருக்கான ஆவணமாக ஏற்பதில்லை. ஆதார் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு திறப்பது பெரும் பாடு, ஒழுங்கான சம்பள வேலை ஏறக்குறைய இல்லை. 2011 இறுதியில் வகுத்த நடைமுறைப்படி நீண்டகால விசா கிடைத்தவர்களுக்கு வழி கொஞ்சம் திறந்தது. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் துணை அமைப்புகள் வேலை செய்கின்றன. டான் போஸ்கோ சலேசியர்கள் நடத்தும் போஸ்கோ தில்லி இந்தி, ஆங்கிலம், கணினி வகுப்புகள் எடுக்கிறது, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்கிறது, மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளரை அனுப்புகிறது. இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தெரியும். பர்மிய மொழி மட்டுமே தெரிந்த ஒரு கர்ப்பிணி, ஹரி நகர் தீன்தயாள் உபாத்யாய் மருத்துவமனையின் நெரிசலில், ‘ஆகே ஜாவோ’ (முன்னால் போ) என்று நர்ஸ் அதட்டுவதைக் கேட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சீட்டு வாங்கும் வரிசை ஒன்று, ரத்தப் பரிசோதனை வரிசை வேறு, மருந்து வரிசை இன்னொன்று. எந்த வரிசையில் எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூடப் போனால் அரை நாளில் முடியும். இல்லாவிட்டால் மருந்து இல்லாமல் வீடு திரும்புவாள், அடுத்த மாதம் போகவே மாட்டாள்.

தொழில் பக்கத்தில் சிலாய்வாலி என்ற நிறுவனம், ஆப்கன் அகதிப் பெண்களை வைத்து ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணியில் பொம்மை தைத்து விற்கிறது. நல்ல முயற்சி. ஆனால் கைத்தொழில் என்றால் எத்தனை பேருக்கு வேலை தர முடியும் என்பதற்கு எல்லை உண்டு. பெரும்பாலானோர் லாஜ்பத் நகர்க் கடைகளில், தந்தூர்களில், சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக, ரசீது இல்லாத வேலைகளில் இருக்கிறார்கள்.

சமூகமே தனக்காகக் கட்டிக்கொண்டவை இன்னும் ஆழமாக வேர் பிடித்திருக்கின்றன. சின் மக்களுக்கு ஒவ்வொரு இனக்குழுவுக்கும் ஒரு சங்கம், வாடகை மண்டபத்தில் ஒரு சர்ச். யாருக்கு வீடு போனது, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். காபூலிலிருந்து வந்த சீக்கியர்களும் இந்துக்களும் 1992இல் கால்சா திவான் நலச் சங்கத்தை அமைத்து, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் குடியுரிமை விண்ணப்பத்துக்கு வழிகாட்டலும் நடத்தினார்கள். 1994இல் தொடங்கிய ஆப்கன் பள்ளி ஒன்று போகலில் நடந்துவந்தது. 2021இல் காபூல் தாலிபான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த பணம் நின்று தள்ளாடியது. அதே ஜங்புராவில் லோதி எஸ்டேட் பள்ளிக்குப் பஸ் ஏறிய தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாய்மொழியில் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒரே தவிப்புதான்.

நமக்கு இதில் நெருக்கமான முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்காக, ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதை அவர்கள் பெரிய வேலையாக எடுத்துச் செய்தார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் இலங்கைக் குடியுரிமையும் கேட்க முடியாது, இங்கே எதுவும் கேட்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. குடியுரிமை இன்னும் வரவில்லை. ஆனால் இங்கேயும் கவனியுங்கள், ‘பதிவு செய்துகொண்ட’வர்களுக்குத்தான் அந்த விலக்கு.

உள்நாட்டில் பிழைக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் மெய்யாகவே மாறியிருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தில்லி 2021இல் சேர்ந்தது. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற ஊர்க் கார்டு இருந்தால், கைரேகை வைத்து இங்கேயே அரிசியோ கோதுமையோ வாங்கலாம். மேஸ்திரியும் கட்சிக்காரரும் இல்லாமல் கிடைக்கிற முதல் உதவி இது. ஆனால் இது வயிற்றுக்குத்தான். இந்த வசதி ஊர்க் கார்டை ஊரிலேயே வைத்துக்கொள்ளச் செய்கிறது, வீட்டுக்கான விதியோ தில்லியில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒரு துறை கொடுத்த வசதி இன்னொரு துறையின் கவுன்டரில் தகுதிக் குறைவாகிவிடக்கூடும். இதை அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டி எடுத்துச் சொல்கிற வேலை எந்தத் துறையின் பொறுப்பிலும் இல்லை.

தகுதி பெற்ற 189 குடும்பங்களுக்குக் கிடைத்தது நரேலாவில் வீடு. சுமார் 40 கிலோமீட்டர் தூரம். ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி போகும் மெட்ரோ பாதைக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, கட்டி முடிக்க நான்கு வருடம் என்று கணக்கு. அதுவரை பஸ்தான். காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் முதல் வீட்டு வேலைக்கு நிற்க வேண்டிய பெண் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் இந்தப் பக்கமே இருக்கிறது. கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலா பக்கம் இல்லை.

வேலையை விட முடியாத பல குடும்பங்கள் அருகிலேயே ஒண்டிக்குடித்தன அறைகளைப் பிடித்தன. அங்கே வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார், வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொள்வார், வாடகை ஒப்பந்தம் மட்டும் எழுதித் தர மாட்டார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் ஆதாரில் முகவரியை மாற்றுவது கஷ்டம், புதிய தொகுதியில் வாக்காளர் பட்டியலில் சேர்வதும் கஷ்டம். பக்கத்து மாடியில் ஆப்கன் குடும்பமும் அதே தரகர் வழியாக, அதே ரொக்கக் கணக்கில், ஒப்பந்தம் இல்லாமல்தான் இருக்கிறது. ஜங்புராவில் ஒரு மேஜை போட யாராவது முன்வந்தால், அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த வீட்டுக்காரர்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதுதான்.